டம்ளர் சத்தம்

எங்கள் பட்டறையைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களை எனக்குப் பிடிக்காது. மனசில் வைத்துக்கொண்டு புழுங்குவானேன், சொல்லிவிடுகிறேன். ஒரு வீட்டின் விலைக்குக் கைக்கடிகாரம் வாங்குகிற ஆட்கள். காலுக்கு உறையும் தலைக்கு வலைத்தொப்பியும் மேலுக்கு வெள்ளை அங்கியும் மாட்டி உள்ளே விட்டால், பிரசவ வார்டுக்குள் தவறி நுழைந்த ஆம்பிளை மாதிரி பேந்தப் பேந்த விழிப்பார்கள். இதெல்லாம் கையாலயா செய்யறீங்க என்று கேட்காத ஒருத்தர் கிடையாது. பின்னே காலாலா செய்வோம்? ஆனாலும் சிரித்துக்கொண்டே தலையாட்ட வேண்டும். அதற்கும் சேர்த்துத்தான் சம்பளம் கொடுக்கிறார்கள்.

நான் மணியடிக்கும் கடிகாரங்கள் செய்கிறவள். பக்கவாட்டில் இருக்கிற சின்னக் குமிழைத் தள்ளினால், அந்த நேரத்தில் மணி என்னவோ அதைக் கடிகாரம் அடித்துச் சொல்லும். மணிக்குக் கனத்த சத்தம், நிமிடத்துக்கு மெல்லிய சத்தம், கால் மணிக்கு இரண்டும் சேர்ந்து. உள்ளே இயந்திரத்தைச் சுற்றி இரண்டு எஃகுக் கம்பிகள் வளைந்து கிடக்கும். அவற்றைத் தட்ட அரிசி நொய் அளவில் இரண்டு சுத்தியல்கள். கம்பியை அரத்தால் அராவி அராவித்தான் சத்தத்தைக் கொண்டுவர வேண்டும். அடியில் அராவினால் சத்தம் இறங்கும், நுனியை வெட்டினால் ஏறும். ஒரு இழுப்பு அதிகமானால் கம்பியைக் குப்பையில் போட வேண்டியதுதான், அராவியதைத் திரும்ப ஒட்டவா முடியும்? இந்த வேலையால் பட்டறையில் எனக்கு 'காது' என்றே பெயர் விழுந்துவிட்டது.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒரு கடிகாரத்துக்கு ஒரே கை. முதல் திருகிலிருந்து கடைசித் திருகு வரை இன்னொருத்தர் அதன்மேல் தூசிகூட ஊதக் கூடாது. முழுசாகச் சேர்த்து முடித்த பிறகு மறுபடி முழுசாகப் பிரித்து, கழுவி, திரும்பவும் சேர்க்க வேண்டும். வாங்குகிறவர் வரும் நாளில் செய்த ஆளே அதை அவர் மணிக்கட்டில் கட்டிவிட வேண்டும். ஆனால் அன்றுவரை அவர் யாரென்று நமக்குச் சொல்ல மாட்டார்கள். என்ன மாதிரி வேண்டும் என்பது மட்டும்தான் நம் காதுக்கு வரும். பெரிய மனிதர்களின் பெயரைக் கேட்டால் தொழிலாளிக்குக் கை நடுங்கும் என்பது மேனேஜரின் கண்டுபிடிப்பு.

இந்தக் கடிகாரத்தை வாங்கப்போகிறவர் சத்தத்துக்கு ஒரு விசித்திரமான விருப்பம் சொல்லியிருந்தார். ஸ்டீல் டம்ளரைக் கரண்டியால் தட்டுகிற சத்தம் வேண்டுமாம். அதுவும் பக்கத்து அறையில் அரைத்தூக்கத்தில் படுத்திருப்பவருக்குக் கேட்கிற மாதிரி. மேனேஜர் சொல்லி முடித்துவிட்டு அவரே சிரித்தார். இதற்கு முந்தைய ஆள் செத்துப்போன தன் நாயின் கழுத்துமணியைக் கேட்டார், அதற்கு இது எவ்வளவோ தேவலை என்றார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் அம்மா எங்களை அப்படித்தான் எழுப்புவாள். ஒரு ஆபீஸ் கேன்டீனில் பாத்திரம் தேய்க்கிற வேலை அவளுக்கு. விடிவதற்குள் கிளம்ப வேண்டும். எங்களை வந்து உலுக்கி எழுப்ப நேரமிருக்காது, அடுக்களையில் நின்றபடியே டம்ளரைத் தட்டுவாள். ஆனால் எந்த வீட்டில்தான் டம்ளர் இல்லை? எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. அம்மாவின் டம்ளரையே பட்டறைக்குக் கொண்டுபோனேன். என்ன காது, கேன்டீன் திறந்தாச்சா என்று ஆளாளுக்குக் கிண்டல். நான் பாட்டுக்குக் கண்ணை மூடி டம்ளரைத் தட்டுவேன், கம்பியைத் தட்டுவேன், ஒரு இழுப்பு அராவுவேன். கடிகாரக் கூட்டுக்குள் வைத்து மூடினால் பாதிச் சத்தத்தைக் கூடு விழுங்கிவிடும். மறுபடி திறந்து, மறுபடி அராவ வேண்டும். எத்தனை கம்பிகளைப் பாழாக்கினேன் என்று மேனேஜரைத்தான் கேட்க வேண்டும்.

அந்தச் சமயத்தில்தான் அம்மா படுத்தாள். இதயம் ஓய்ந்துவிட்டது, பார்க்க வேண்டியவர்கள் வந்து பார்த்துவிடட்டும் என்று டாக்டர் சொன்னார். பார்க்க வேண்டியவன் ஒரே ஒருத்தன்தான், என் அண்ணன். அம்மா அவனைப் பெரியவன் என்றுதான் சொல்வாள். அவள் தேய்த்த பாத்திரத்தில்தான் படித்தான். பெரிய வேலைக்குப் போனான். பெரிய இடத்தில் கல்யாணம் செய்துகொண்டான் என்று யாரோ சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். போன் குறைந்தது, அப்புறம் நம்பரே மாறிவிட்டது. நான் வேலைவிட்டு வந்ததும் அம்மா கேட்கிற முதல் கேள்வி, பெரியவனைப் பற்றி ஏதாவது தெரிந்ததா என்பதுதான். நான் அவனை வண்டை வண்டையாகத் திட்டுவேன். அவனுக்கு என்ன கஷ்டமோ என்பாள் அவள். தெரிந்தவர், தெரியாதவர் எல்லோரிடமும் விசாரித்தேன். கண்ணை மூடுவதற்குள் ஒரே ஒரு தடவை அவனை அவள் கட்டிலருகே கொண்டுவந்து நிறுத்திவிட வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு நினைப்பே இல்லை.

கடிகாரத்தை வாங்க ஆள் வருகிற அன்று, மேனேஜர் கண்ணாடிக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு பல்லெல்லாம் தெரிய நின்றார். வலைத்தொப்பி போட்டுக்கொண்டு உள்ளே வந்தது என் அண்ணன்.

அவனும் என்னைப் பார்த்துவிட்டான். எடுத்து வைத்த கால் ஒரு கணம் அப்படியே நின்றது. பிறகு கையைக் குவித்து, வணக்கம், நீங்கதான் செஞ்சீங்களா என்று கேட்டான். கூடப் பிறந்தவளைப் பார்த்து 'நீங்க'. அவனுக்குப் பின்னால் அவன் மனைவி நின்றிருந்தாள். சாந்தமான முகம், தொப்பி நெற்றிவரை இறங்கியிருந்தது. அண்ணி என்று கூப்பிட வேண்டியவளுக்கு, வருகிறவர்களுக்கெல்லாம் போடுகிற கும்பிடைப் போட்டேன்.

மேசை இருக்கிற கண்ணாடி அறைக்குள் தூசிக்குப் பயந்து வாங்குகிறவரை மட்டும்தான் விடுவோம். அவளும் மேனேஜரும் வெளியே நின்று பார்த்தார்கள். உள்ளே பேசுவது வெளியே கேட்காது. நான் இடுக்கியால் கடிகாரத்தைத் தொட்டுக் காட்டுகிற மாதிரி குனிந்துகொண்டேன்.

"சிரிச்ச முகமா இரு. அவ பாக்கறா," என்றான். இத்தனை வருஷம் கழித்து அவன் என்னிடம் பேசிய முதல் பேச்சு இது.

"அம்மா படுத்த படுக்கையா இருக்கா. நாள் அதிகம் இல்ல. தினம் உன்னைத்தான் கேக்கறா. ஒரே ஒரு தடவை வந்து நில்லு, போதும்."

"கல்யாணத்தப்பவே அம்மா இல்லன்னு சொல்லிட்டேன்," என்றான்.

"இல்லன்னா?"

"செத்துட்டாங்கன்னு."

மிச்சத்தையும் உதட்டை அசைக்காமல் சொன்னான். பெண் வீட்டில் அம்மா என்ன செய்கிறார் என்று கேட்டார்களாம். பாத்திரம் தேய்க்கிறாள் என்று சொல்ல நாக்கு வரவில்லையாம். சட்டென்று வாயில் வந்தது அதுதானாம். பிறகு சரி செய்துகொள்ளலாம் என்று நினைத்தானாம். அதற்குள் பிள்ளைகள் பிறந்துவிட்டன. வீட்டில் அம்மாவின் பழைய போட்டோவைப் பெரிதாக்கி மாட்டியிருக்கிறார்களாம். அவள் பேரைச் சொல்லி வருஷா வருஷம் அவன் மனைவி ஒரு அனாதை இல்லத்தில் சாப்பாடு போடுகிறாளாம்.

"இப்ப போய் உயிரோட இருக்காங்கன்னு எப்படிச் சொல்றது? நீயே ஒரு வழி சொல்லு," என்றான்.

பல்சக்கரத்தில் ஒரு பல் உடைந்தால் என்னிடம் வழி கேட்கலாம். யாருக்கும் சொல்லாமலே வா, திருட்டுத்தனமாகவாவது வா, அவள் கையைப் பிடித்துவிட்டுப் போ என்று கெஞ்சினேன். பார்க்கறேன் என்றான். அவன் 'பார்க்கறேன்' சொன்னால் என்ன அர்த்தம் என்று அவனோடு வளர்ந்தவளுக்குத் தெரியாதா? கடிகாரத்தைத் தூக்கி அவன் முகத்திலேயே அடித்துவிட்டு, வெளியே நிற்கிறவளிடம் எல்லாவற்றையும் போட்டு உடைத்துவிடலாமா என்று இருந்தது. அடக்கிக்கொண்டேன். அவமானப்படுத்தினால் ஜென்மத்துக்கும் வர மாட்டான். வாயை மூடிக்கொண்டிருந்தால் ஒருவேளை வருவான். அந்த ஒருவேளைக்காகத்தான் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

பிறகு எல்லோருமாகச் சத்தம் கேட்கிற அறைக்குப் போனோம். சுவரெல்லாம் தக்கை ஒட்டிய சின்ன அறை, மூச்சு விடுவதுகூடக் கேட்கும். மேனேஜர் கண்ணைக் காட்ட, அண்ணன் குமிழைத் தள்ளினான்.

கடிகாரம் அடித்தது. பதினொன்றும் அடித்து முடிவதற்குள் அவன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். முகத்தைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்க அழுதான். நடிப்பில்லை. சின்ன வயசில் அவன் பொய்யாக அழுததையும் பார்த்திருக்கிறேன், நிஜமாக அழுததையும் பார்த்திருக்கிறேன், இது நிஜம். இதே சத்தம்தான், இதேதான் என்று சொல்லிக்கொண்டே இருந்தான். இவங்க அம்மா இப்படித்தான் எழுப்புவாங்களாம், இப்ப அவங்க இல்ல என்று அவன் மனைவி மேனேஜருக்கு விளக்கினாள். மேனேஜர் உடனே முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டார்.

அவன் அழ அழ எனக்கு ஆத்திரம்தான் வந்தது. நான் அராவிய கம்பிக்கு இந்த அழுகை. டம்ளரைத் தட்டியவளோ ஒரு பஸ் தூரத்தில் கிடக்கிறாள்.

அவன் மனைவி என்னிடம் வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். அவள் கண்ணும் கலங்கியிருந்தது.

"என் மாமியாரை நான் பார்த்ததே இல்ல. இன்னிக்கு உங்களால அவங்களைக் கேட்டுட்டேன்," என்றாள். "உங்களுக்கு அம்மா இருக்காங்களா?"

அண்ணன் முகத்திலிருந்து கையை எடுத்தான்.

"இருக்காங்க," என்றேன். "ரொம்ப முடியல. மகன் வருவான்னு உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு இருக்காங்க. அவன் பக்கத்துலதான் இருக்கான். வரல."

அவள் என் கையை விடாமலே அவன் பக்கம் திரும்பினாள். "கேட்டீங்களா? நமக்கு இல்லையேன்னு நாம அழறோம். இருக்கறவன் இப்படி இருக்கான். யாராவது அவனுக்கு எடுத்துச் சொல்லக் கூடாதா?"

நான் அவனையே பார்த்தேன். அவளே கதவைத் திறந்துவிட்டாள். ஒரு வார்த்தை சொன்னால் போதும். இவள் திட்டுவாள், அழுவாள், ஆனால் அவனுக்கு முன்னால் இவள்தான் அம்மாவைப் பார்க்க ஓடுவாள். கையைப் பிடித்த பிடியிலேயே எனக்கு அது தெரிந்தது.

அவன் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"சொல்லியிருப்பாங்க," என்றான். "அவன் கேட்டிருக்க மாட்டான்."

அப்புறம் இடது கையை என் முன்னால் நீட்டினான். நான் கட்டிவிட்டேன். இறுக்கமா இருக்கா சார் என்றுகூடக் கேட்டேன். சரியாக இருக்கிறது என்றான். மேனேஜர் கைதட்டினார். அவர்கள் போன பிறகு, உன் கையால் செய்த வேலையிலேயே இதுதான் உச்சம் காது என்று தோளைத் தட்டினார்.

வீட்டுக்கு வந்தேன். பகலில் துணைக்கு இருக்கிற பக்கத்து வீட்டு அக்காவை அனுப்பிவிட்டுக் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தேன். அம்மா என் முகத்தைப் பார்த்தாள், வழக்கமான கேள்வியைக் கேட்டாள்.

அண்ணன் செத்துப் போய்விட்டான் என்று சொல்லிவிட்டேன்.

இனிமேல் அவள் யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம், நிம்மதியாகப் போகட்டும் என்று நினைத்துத்தான் சொன்னேன் என்று பிறகு எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அதெல்லாம் கதை. ஆத்திரம்தான். அவன் அவளைச் சாகடித்தான், நான் அவனைச் சாகடித்தேன், கணக்குச் சரி என்று இருந்தது.

எப்போது, எப்படி என்று அம்மா கேட்கவில்லை. அழவும் இல்லை. கட்டிலில் கையை ஊன்றினாள். திரும்பிப் படுக்கவே ஆள் வேண்டியவள், நான் தடுக்கத் தடுக்க எழுந்து உட்கார்ந்துவிட்டாள். மூச்சு இழுத்தது.

"அவன் பொண்டாட்டி இருக்குமேடி. அந்தப் பொண்ணு தனியா என்ன பண்ணும்?" என்றாள். "என் புடவையை எடு. போகலாம்."

காலைத் தரையில் இறக்கிச் செருப்பைத் தேடினாள்.