கொக்கு உள்ளே வருகிறார்

ஒரு பெயரை நான்கு விதமாகச் சொல்ல வேண்டும். மைக் மாமாவின் வேலை அதுதான். ஆட்டக்காரர் களத்துக்குள் நுழையும்போது சமமாக, பந்தைக் கூடையில் போட்டால் சற்றே தூக்கி, கடைசி நொடியில் போட்டு ஜெயிக்க வைத்தால் கூரை பறக்க, தப்பு செய்து வெளியே அனுப்பப்பட்டால் அடக்கி. லீக்கில் இருக்கும் எல்லா அணிகளின் எல்லா ஆட்டக்காரர்களுக்கும் இந்த நான்கும் உண்டு. அவர் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து தாளைப் பார்த்துப் படிப்பார். நான் வெளியே உட்கார்ந்து அந்தக் குரலைப் பெயர் பெயராக வெட்டி, அதற்குரிய இடத்தில் போட்டு வைப்பேன். வீட்டில் ஒருவர் கூடைப்பந்து வீடியோ கேம் ஆடும்போது அந்தத் துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, ஒரே மனிதர் ஒரே மூச்சில் பேசுவதுபோலக் கேட்கும்.

நிஜ அரங்கத்திலும் மைக் மாமாதான் அறிவிப்பாளர். அதனால்தான் கேமுக்கும் அவர் குரல். வீட்டிலும் அவருக்கு இந்த நான்கு குரல்தான் என்று அவர் மனைவி சொல்வாராம். சாப்பாடு தயார் என்றால் கூரை பறக்குமாம். பாத்திரம் கழுவ வேண்டும் என்றால் அடங்கிவிடுமாம்.

நான் பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள். வகுப்பில் எழுந்து நின்றால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். தெரிந்த பதிலும் வெளியே வராது. ஒரு கட்டத்தில் போகாமலே இருந்துவிட்டேன். அக்கா தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டாள். அத்தான் இந்த கேம் கம்பெனியில் ஒலிப் பிரிவின் பொறுப்பாளர். வாய்தான் வேலை செய்யவில்லை, காது நன்றாக இருக்கிறதே என்று சொல்லி என்னை அவர்தான் இங்கே உட்காரவைத்தார். ஆபீசில் அவரை ‘சார்’ என்று கூப்பிட வேண்டும். அந்தப் பழக்கத்தில் ஒரு நாள் வீட்டில், “சார், தண்ணி வேணுமா?” என்று கேட்டுவிட்டேன். அக்கா அதை இன்னும் விடவில்லை.

என் வேலையை முதலில் பாராட்டியவர் மைக் மாமாதான். ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து தன் குரலையே கேட்டுவிட்டு, “நீ எங்க வெட்டினேன்னே தெரியலையேம்மா. நான் பேசினதைவிட நீ ஒட்டினது நல்லா இருக்கு” என்றார். பள்ளிக்கூடத்தில் ஒருவரும் என்னிடம் அப்படி எதுவும் சொன்னதில்லை. அன்று பஸ்ஸில் வீடு வரும் வரை அந்த வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

அவருடைய மகளுக்கு அப்போது பிரசவ நாள் நெருங்கியிருந்தது. கண்ணாடி அறைக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. அதனால் அவருடைய போன் அத்தானிடம் இருந்தது. ஒரு நாள் மதியம், மைக் மாமா சமக் குரலில் பெயர்களைப் படித்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. அத்தான் எடுத்துக் கேட்டார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று இரண்டு கைகளையும் சேர்த்துத் தொட்டில்போல ஆட்டிக் காட்டினார். மைக் மாமாவின் உதடு அசைந்தது. என்ன குழந்தை என்று கேட்கிறார் என்று புரிந்தது. பெண் என்பதை எப்படிக் காட்டுவது என்று அத்தானுக்குத் தெரியவில்லை. சட்டென்று என்னைச் சுட்டிக் காட்டினார்.

மைக் மாமா தலையாட்டினார். பிறகு வேலையை விடக் கூடாது என்று நினைத்தாரோ என்னவோ, தாளைப் பார்த்து அடுத்த பெயரைப் படித்தார். படித்து முடித்ததும் ஓடினார். நாற்காலி விழுந்தது. அதைக்கூட எடுத்து வைக்கவில்லை.

அந்த அடுத்த பெயர், கொக்கு.

கொக்கு என்பது பட்டப்பெயர்தான். ஆனால் சட்டையிலும் அதுதான் எழுதியிருக்கும். ஒல்லியாக, உயரமாக, எப்போதும் பெஞ்சு ஓரத்தில் ஒரு காலை மடக்கி உட்கார்ந்திருப்பார். பல வருடங்களாக அதே அணி, அதே பெஞ்சு. ஆட்டம் முடிவாகிவிட்ட பிறகு, மற்றவர்களுக்குக் காலாற நேரம் கொடுக்க எப்போதாவது உள்ளே விடுவார்கள். அவர் பெயரைச் சமமாகச் சொல்ல வேண்டிய இடத்தில், மைக் மாமா ஒரு குழந்தை பிறந்த சந்தோஷத்தோடு சொல்லியிருந்தார். கத்தவில்லை. கத்தினால் கூரை பறக்கும் குரல் என்று சேர்த்துவிடலாம். இது வேறு. வாசலில் நெடுநாள் காத்திருந்து, வந்தவரைப் பார்த்ததும் வருகிற குரல்.

அத்தானிடம் சொன்னேன், திரும்பப் பதிவு செய்ய வேண்டும் என்று. அவர் கேட்டுப் பார்த்துச் சிரித்தார். மறுநாளிலிருந்து வேறு அணிகளின் தாள்கள் காத்திருந்தன. “விடும்மா. அவரு உள்ள வந்தாத்தானே இது கேக்கும்? அவரு எங்க உள்ள வரப் போறாரு” என்றார்.

எனக்கும் அது சரியென்றே பட்டது. நாங்கள் இரண்டு பேரும் அரங்கத்தையே நினைத்துக்கொண்டிருந்தோம். கேமில் கோச் கிடையாது. யாரை வேண்டுமானாலும் உள்ளே இறக்கலாம். கேம் செய்கிற எங்களுக்கே அது தோன்றவில்லை.

கேம் வெளிவந்த கொஞ்ச நாளிலேயே யாரோ ஒரு பிள்ளை கண்டுபிடித்துவிட்டது. மற்ற ஆட்டக்காரர்களை இறக்கினால் சாதாரணமாக அறிவிக்கிறார்கள், கொக்கை இறக்கினால் மட்டும் அறிவிப்பாளருக்குப் பித்துப் பிடிக்கிறது என்று. அதன் பிறகு கொக்கை உள்ளே அனுப்பு, வெளியே கூப்பிடு, மறுபடி உள்ளே அனுப்பு என்று அதையே ஒரு விளையாட்டாக ஆக்கிவிட்டார்கள். எங்கள் தெருவில் ஜன்னலுக்கு ஜன்னல் அந்தக் குரல் கேட்டது. மாடிப்படியில் பிள்ளைகள் ஒருவரையொருவர் அதே ராகத்தில் “கொக்கு” என்று வரவேற்றுக்கொண்டார்கள். கீழ் வீட்டுக்காரர் குளித்துவிட்டு வெளியே வந்தால்கூட அவருக்கும் அந்த வரவேற்பு கிடைத்தது.

விளையாட்டுக்கு இறக்கியவர்கள் சிலர் அவரை வைத்து ஆடவும் ஆரம்பித்தார்கள். கேமில் கொக்குக்கு வேகம் இல்லை. தூரத்திலிருந்து எறிந்தால் விழாது, பட்டனை எவ்வளவு சரியான நேரத்தில் விட்டாலும். ஆனால் எதிராளி ஓடிவரும் வழியில் அவரைக் கொண்டுபோய் நிறுத்தினால் சுவர்போல நிற்பார். அந்த நிழலில் நம் ஆள் சாவகாசமாகப் பந்தைப் போடலாம். அவருடைய நிஜ ஆட்டமும் அதுதான். பந்து இருக்கும் இடத்தையே பார்த்துப் பழகிய கண்களுக்கு அது இத்தனை வருடம் தெரிந்ததில்லை.

ஆனால் அவருடைய கிளப்புக்கு இது பிடிக்கவில்லை. எங்கள் ஆளைக் கேலி செய்கிறீர்களா என்று புகார் வந்தது. எங்கள் நிர்வாகி அம்மா மைக் மாமாவைக் கூப்பிட்டுக் கேட்டார். அவருக்கு எந்தப் பெயரை எப்போது படித்தார் என்பதே நினைவில்லை. அன்றைய நாளில் அவருக்கு நினைவிருந்தது பேத்தி மட்டும்தான். “நான் யாரையும் கேலி பண்ண மாட்டேங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு நின்றாராம். கேமின் அடுத்த திருத்தத்தில் அந்தக் குரலை எடுத்துவிடுவது, அடுத்த வருட கேமுக்கு வேறு அறிவிப்பாளரைப் பார்ப்பது என்று முடிவானது.

அத்தான் அந்த அறையில் இருந்தார். எதுவும் சொல்லவில்லை.

அன்று சாயந்திரம் தட்டில் போட்டது போட்டபடி இருந்தது. அக்கா என்ன என்று கேட்டாள். அத்தான் வீட்டுச் சோற்றைத் தின்றுகொண்டு அத்தானைக் காட்டிக்கொடுப்பதா? ஆனால் அக்காவிடம் என்னால் எதையும் மறைக்க முடியாது. சொல்லிவிட்டேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டே அத்தான் பக்கம் திரும்பினாள்.

“ஊருக்கே சத்தம் வச்சுத் தர்றவருக்குச் சொந்த வாயைத் திறக்க மட்டும் வரலையாக்கும்.”

“என் வேலை போச்சுன்னா?”

“அவருக்குப் போகலாமா? அந்த மனுஷன் உங்ககிட்டதானே போனைக் குடுத்துட்டு உள்ள போனாரு.”

அத்தான், நேரம் பார்த்துத் தானே சொல்வதாகவும், அதுவரை நான் வாயைத் திறக்க வேண்டாம் என்றும் சொன்னார். அக்கா, வாயைத் திறக்காமல் இருப்பதைத் தன் தங்கைக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம் என்றாள்.

அந்த நேரம் வரவே இல்லை. கொக்குதான் வந்தார்.

அடுத்த வருட கேமுக்காக எல்லா ஆட்டக்காரர்களையும் அணி அணியாகக் கூப்பிட்டு அசைவைப் பதிவு செய்வார்கள். உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளிகள் ஒட்டிய கறுப்பு உடை போட்டு, மரத்தரை போட்ட கூடத்தில் ஓடவும் குதிக்கவும் சொல்வார்கள். ஷூ தரையில் உரசும் சத்தத்தைத் தனியாக எடுப்பது என் வேலை. அன்று கூடத்தில் அவரும் நானும் மட்டும் இருந்தோம். நான் மைக்கைத் தரையோடு வைத்துவிட்டு ஓடலாம் என்று கைகாட்டினேன். அவர் ஓடவில்லை.

“இங்க சத்தத்தை வெட்டி ஒட்டுறது நீங்கதானாமே?” என்றார்.

தலையாட்டினேன்.

“என் பொண்ணு முதல்ல அதைக் கேட்டுட்டுக் குதிச்சா. எங்கப்பாவை எவ்வளவு ஆசையா கூப்பிடறாங்க பாருன்னு. அப்புறம் ஸ்கூல்ல யாரோ அது கேலிடின்னு சொல்லிட்டாங்க. இப்ப அந்த கேமையே தொட மாட்டேங்கறா.” குனிந்து ஷூ நாடாவை இழுத்துக் கட்டினார். கட்டியிருந்த நாடாதான். “கேலின்னாலும் பரவாயில்லை. எனக்குப் பழக்கம்தான். அவகிட்ட என்ன சொல்றதுன்னு தெரியணும், அவ்வளவுதான்.”

என் நாக்கு வழக்கம்போல ஒட்டிக்கொண்டது. கணினியில் அன்றைய முழுப் பதிவைத் திறந்தேன், நான் வெட்டுவதற்கு முன்னால் இருந்ததை. ஹெட்போனை நீட்டினேன். அவர் தலைக்கு அது சிறியதாக இருந்தது. ஒரு காதில் மட்டும் பிடித்துக்கொண்டு கேட்டார்.

அதில் என்ன இருக்கிறது என்று எனக்கு மனப்பாடம். வரிசையாக, சமமாக, சில பெயர்கள். பிறகு ஒன்றுமில்லை. மூச்சு மட்டும். பிறகு மைக் மாமாவின் குரல், மிகச் சின்னதாக, “பொண்ணா?” பிறகு தாள் நடுங்குகிற சத்தம். பிறகு, கொக்கு. பிறகு நாற்காலி விழுகிறது.

அவர் என்னைப் பார்த்தார். அவருக்குப் புரியவில்லை. வாயைத் திறந்தே ஆக வேண்டியிருந்தது.

“கேலி இல்லைங்க. அவருக்கு அப்பதான் பேத்தி பிறந்தா. தாள்ல அடுத்த பேரு உங்களோடது.”

இரண்டு கைகளையும் சேர்த்து, அத்தான் செய்ததுபோலத் தொட்டில் ஆட்டியும் காட்டினேன். அவர் ஹெட்போனை மறுபடி காதில் வைத்துக்கொண்டார். மறுபடியும் கேட்டார். அதற்குப் பிறகும் ஒரு தடவை.

வாசலில் அத்தான் நின்றிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியாது. உள்ளே வந்து, “திரும்ப எடுக்கணும்னு இந்தப் பொண்ணு அன்னிக்கே சொன்னா. நான்தான் விட்டுட்டேன் சார். நீங்க உள்ள வரவே மாட்டீங்கன்னு நினைச்சு” என்றார்.

கொக்கு சிரித்தார். “அதுல தப்பே இல்லை. எங்க கோச்சும் அப்படித்தான் நினைக்கறார்.”

கொக்கு அந்தப் புள்ளி உடையோடே வர, மூன்று பேரும் நிர்வாகி அம்மாவின் அறைக்குப் போனோம். அத்தான் நடந்ததைச் சொன்னார். நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். வேலை போகவில்லை. கொக்கு, கிளப்பிடம் தானே பேசிக்கொள்வதாகச் சொல்லிவிட்டு, மைக் மாமாவை மாற்ற வேண்டாம் என்று கேட்டார். அந்த அம்மா சம்மதித்து, பெயரை மட்டும் சமமாகத் திரும்பப் பதிவு செய்துவிடலாம் என்றார்.

“அதையும் விட்டுடுங்க மேடம். யாரோ பிறந்ததுக்காவது என் பேரை அப்படிச் சொன்னாங்களே. என் பொண்ணு பிறந்தப்போ நான் வெளியூர்ல பெஞ்சுல உக்காந்திருந்தேன்.”

நிர்வாகி அம்மா திருத்தம் எதுவும் எழுதாமல் பேனாவை மூடி வைத்தார்.

அடுத்த வாரம் கொக்கு எங்களுக்கு அரங்கத்துக்கு டிக்கெட் அனுப்பியிருந்தார். அக்காவும் வந்தாள். அறிவிப்பாளர் மேசையில் மைக் மாமா உட்கார்ந்திருந்தார். விஷயம் தெரிந்த அன்று அவர் என்னிடம் வந்து, பேத்திக்குக் காதுகுத்தின படத்தைக் காட்டிவிட்டு, என் மேசையில் ஒரு பொட்டலம் மிட்டாய் வைத்துவிட்டுப் போயிருந்தார். இன்று என்னைப் பார்த்துக் கையசைத்தார். பக்கத்து நாற்காலியில் அவர் மகள், மடியில் குழந்தை. இத்தனை இரைச்சலிலும் அது தூங்கிக்கொண்டிருந்தது.

ஆட்டம் இழுபறி. முடிய இன்னும் நேரம் இருக்கும்போதே கோச் பெஞ்சு ஓரத்தைப் பார்த்துக் கைகாட்டினார். கொக்கு மடக்கிய காலை இறக்கி எழுந்தார்.

அரங்கத்தில் உள்ளே வருகிறவரைச் சமமாகத்தான் அறிவிக்க வேண்டும். அது விதி. மைக் மாமாவும் விதிப்படிதான் சொன்னார்.

ஆனால் அவர் சொல்லி முடித்த மறுகணம் மேல்வரிசையில் ஒரு பிள்ளை அந்த ராகத்தில் “கொக்கு” என்றது. பக்கத்து வரிசை வாங்கிக்கொண்டது. பிறகு அரங்கம் முழுவதும். கேலி இருந்தால் எனக்குக் கேட்டிருக்கும். அதில் இருந்தது வாசலில் காத்திருந்தவரின் குரல்தான், வெட்டாமல் ஒட்டாமல் ஆயிரம் வாயிலிருந்து.

அவர் ஒரு கூடைகூடப் போடவில்லை. எதிராளி ஓடிவந்த வழியில் போய் நின்றார். அவருடைய நிழலில் எங்கள் ஆள் பந்தைப் போட்டான். பந்தைப் போட்டவனை விட்டுவிட்டு, பிள்ளைகள் நின்றவருக்குக் கைதட்டினார்கள். அவர்களுக்கு அது தெரிந்திருந்தது.

முன்வரிசையில் ஒரு சிறுமி, அவரைப்போலவே ஒல்லியாக, நாற்காலி மேல் ஏறி நின்றிருந்தாள். கொக்கு அவளைப் பார்த்தார். பிறகு மேசைப் பக்கம் திரும்பி, மைக் மாமாவைப் பார்த்து இரண்டு கைகளையும் சேர்த்துத் தொட்டில் ஆட்டிக் காட்டினார்.

கூடை போட்டவனின் பெயரை அறிவிக்க வேண்டும். மைக் மாமாவின் வாய் மைக்குக்கு முன்னால் திறந்திருந்தது. சத்தம் வரவில்லை. அக்கா என் காதருகே குனிந்து, “உன்னை மாதிரியே ஆயிட்டாரே” என்றாள்.