ஏணிக்காரனின் சட்டை என்ன நிறம்?

1

“கொல்லும். அந்தப் பிள்ளையைக் கொல்லும், பிறகு பாரும் கதை எப்பிடி எழும்பி நிக்குதெண்டு.”

“ஏன் அண்ணை கொல்லவேணும்? அவள் சாவகச்சேரியிலை சோறு திண்டுகொண்டு சுகமா இருக்கிறாள்.”

“கதையிலை, கமலாவதி. கதையிலைதான் கொல்லச் சொன்னனான்.”

“கதையைத்தானே அவள் வாசிக்கப்போறாள்? தான் செத்ததை வாசிச்சுப்போட்டு என்னட்டை வருவாளோ?”

“அவள் வாறதுக்கோ நாங்கள் சஞ்சிகை நடத்திறம்?”

“வேறை என்னத்துக்கு நடத்திறியள்?”

உண்மையைச் சொல்லிவிடலாம்: இது கதையாகத் தொடங்கவே இல்லை. 1992 முடியும்போது, ‘இந்த ஆண்டில் எனக்குப் பிடித்தவை’ என்று ஓர் இதழ் போடப்போவதாகச் சண்முகநாதன்தான் அறிவித்தான். அவன் திருநெல்வேலியில் அறை எடுத்துத் தங்கிப் பல்கலைக்கழகத்தில் படிப்பவன். ரோணியோ இயந்திரத்தில் பிரதி எடுத்து ஒரு சஞ்சிகை நடத்துகிறான். ஒருவர் பிடித்த நாடகங்களை எழுதினார். ஒருவர் பிடித்த கவிதைகளை எழுதினார். கமலாவதி, ரிவியில் பொருத்தி விளையாடுகிற வீடியோ விளையாட்டுகளில் பிடித்தவற்றை எழுதினாள்.

சண்முகநாதன் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். “கரண்ட் இல்லாத ஊரிலை இதென்ன விசர்க் கட்டுரை? சனம் சிரிக்கும். கதையாக்கித் தாரும், போடுறன். ‘நான்’ எண்டு எழுதாதையும், டயறி மாதிரி இருக்கும்.”

ஆகவே வாசகரே, இந்தக் கதையில் ‘நான்’ இல்லை. கமலாவதி இருக்கிறாள். அவளுக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை.

2

முதல் தொடக்கம்: “பலாலி வீதியில் மாலைச் சூரியன் தன் பொற்கதிர்களை” [கைவிட்டாயிற்று. சூரியனுக்கு இந்தக் கதையில் ஒரு வேலையும் இல்லை.]

இரண்டாம் தொடக்கம்: “போர் தின்ற மண்ணில் இரண்டு பிஞ்சுக் கரங்கள்” [இது சண்முகநாதன் சொல்லித் தந்த வரி. பிஞ்சாவது! கமலாவதியும் சிநேகிதி மக்டலீனும் உயர்தரப் பரீட்சை எழுதி முடித்தவர்கள். மக்டலீனின் பெருவிரல் விளையாடி விளையாடிக் காய்த்தே போயிருந்தது.]

மூன்றாம் தொடக்கம்: “விளையாட்டுப் பெட்டி மக்டலீனின் மாமாவுடையது.” இது நிற்கட்டும்.

மாமா கப்பலில் வேலை செய்தவர், சிங்கப்பூரில் வாங்கிவந்தார். குருநகரில் கடற்கரையோரம் இருந்த வீட்டைவிட்டு வெளிக்கிட்ட அன்று, தாய் மரியநாயகி தையல் மெசினைத் தூக்கினாள், மகள் அந்தப் பெட்டியைத் தூக்கினாள். இருவரும் கமலாவதியின் பக்கத்து வீட்டில் வாடகைக்கு வந்தார்கள். அந்த வாடகை வீட்டில் பெட்டி இருந்தது, ரிவி இல்லை. கமலாவதி வீட்டில் கார் பற்றறியில் ஓடும் சின்னக் கறுப்பு வெள்ளை ரிவி இருந்தது, அதில் பார்க்க ஒன்றும் இல்லை. மொழிபெயர்ப்பு நாவல்களில் இரண்டு பெண்கள் சிநேகமாவதற்கு ஒரு ரயில் பயணம் வேண்டியிருக்கும். இவர்களுக்கு ஒரு வயர் போதுமாக இருந்தது.

பற்றறியை மா அரைக்கிற ஆலையில் கொடுத்துச் சார்ஜ் பண்ணவேண்டும். அது இறங்கத் தொடங்கினால் படம் நான்கு பக்கமும் சுருங்கும். கறுப்பு ஓரம் மெல்ல மெல்ல உள்ளே வரும். பல மாதங்களாக இதை விளையாட்டின் கடைசிக் கட்டம் என்றே இருவரும் நம்பியிருந்தார்கள். உலகம் ஒடுங்கும், ஆட்கள் மெலிவார்கள், முற்றாக இருள்வதற்குள் தப்பிவிட வேண்டும். ஒருநாள் கமலாவதியின் ஐயா எட்டிப் பார்த்து, “பற்றறி செத்துப்போச்சு பிள்ளையள், நிப்பாட்டுங்கோ” என்றபோதுதான் விஷயம் தெரிந்தது. தெரிந்த பிறகும் அதைக் கடைசிக் கட்டம் என்றேதான் சொல்லிவந்தார்கள்.

3

சிரிப்பார்கள் என்று சொல்லப்பட்ட கட்டுரை இதுதான். ஒரு வரியும் குறைக்காமல் போடுகிறேன். [‘போடுகிறாள்’ என்று திருத்துக.]

பெயர்கள் ஜப்பானிய எழுத்தில் இருப்பதால் எல்லாவற்றுக்கும் நாங்களே பெயர் வைத்தோம்.

மூன்றாம் இடம், தவளைத் தபால்காரன். கடிதம் கொடுக்கப் போகும் வீடெல்லாம் நாய். நாயைச் சுட முடியாது. இந்த விளையாட்டில் எவரையுமே சுட முடியாது. அதற்காகவே இந்த இடம்.

இரண்டாம் இடம், மேகம் மேய்ப்பவள். போன ஆண்டு இதுதான் முதலிடம். மேகங்களை ஓட்டிக்கொண்டு மலைக்கு மேலே போனால் பனி பெய்யும். எங்கள் ரிவியில் சரியான நிறத்தில் வருவது பனி ஒன்றுதான்.

முதலாம் இடம், ஏணிக்காரர். இரண்டு பேர் ஒரு நீளமான ஏணியை ஆளுக்கொரு முனையில் பிடித்துக்கொண்டு கூரை கூரையாகத் தாவிப் போகிறார்கள். எங்கே போகிறார்கள் என்று தெரியாது. ஒருவர் குதித்து மற்றவர் நின்றால் இருவரும் விழுவார்கள். ஆகவே “இப்ப!” என்று கத்தவேண்டும். இதைத் தனியே விளையாட முடியாது.

[ஓரத்தில் சண்முகநாதன்: “எல்லாம் ஒரே கசற்றில் உள்ள பழைய விளையாட்டுகள். இவை எப்படி இந்த ஆண்டுக்குரியவை?” பதில்: இந்த ஆண்டு விளையாடினோம், அதனால்.]

இதில் சிரிக்க என்ன இருக்கிறது? சண்முகநாதன் இரவல் தந்த நாவல்களில் பிரபுக்கள் விடியவிடியச் சீட்டாடுகிறார்கள். ஒருவன் தோற்றுப்போய் ஜன்னலருகே நின்றால், மனித மனத்தின் ஆழம் என்று இவனே அடிக்கோடு போட்டு வைத்திருக்கிறான். மக்டலீன் மூன்றாவது கூரையிலிருந்து விழுந்தால் மட்டும் அது விசர்க் கட்டுரையா? அவளுக்கு ஆழம் கிடையாதா?

4

ஆனாலும் மக்டலீன் என்ற பாத்திரத்தில் எழுதுகிறவளுக்கே ஒரு சந்தேகம் உண்டு. இவ்வளவு பிடிவாதக்காரியை யார் நம்புவார்கள்?

ஏணியின் முன்முனையைப் பிடித்தவன் மக்டலீனின் ஆள். ஒரு பின்னேரம் அவள் சொன்னாள்:

“என்ரை ஆள் சிவப்புச் சட்டை.”

“ஆர் சொன்னது? அது நீலம்.”

“ஆளை நடத்திறது நான். எனக்குத் தெரியாதோ?”

“சாம்பலாத்தானேடி தெரியுது.”

“சிவப்புத்தான் உப்பிடிச் சாம்பலா வரும். நீலமெண்டால் இன்னும் வெளிறும்.”

“பெரிய விஞ்ஞானி வந்திட்டா!”

“உனக்குப் புத்தகத்திலை எழுதியிருந்தால்தான் நிறம். கண்ணாலை கண்டால் நம்பமாட்டாய்.”

குருநகரில் இருந்ததும் கறுப்பு வெள்ளை ரிவிதான். அந்தச் சட்டையை நிறத்தோடு கண்டவர் இருவரில் எவரும் இல்லை. காணாத நிறத்துக்காக முகத்தை முகம் பாராமல் இருந்தார்கள். அந்த நேரம் பார்த்து, மரியநாயகி சாவகச்சேரியில் தமக்கை வீட்டோடு போயிருப்பது என்று முடிவெடுத்தாள்.

வெளிக்கிடும்போது மக்டலீன் பெட்டியைத் தூக்கவில்லை. அங்கே ரிவி இல்லை. தன் ஆளை நடத்துகிற இரண்டாவது ஜோய்ஸ்ரிக்கை மட்டும் பிடுங்கி, வயரைச் சுற்றி, உடுப்புப் பைக்குள் வைத்தாள்.

“உதேன் உனக்கு?”

“நீ எழுதிற சஞ்சிகையிலை சிவப்பெண்டு வரட்டும். அப்ப கொண்டுவாறன்.”

இப்போது விளையாட்டைப் போட்டால் முன்னால் நிற்பவன் அசையமாட்டான், ஏணியைப் பிடித்தபடி நிற்பான். கமலாவதியின் ஆள் ஓர் அடி வைத்ததும் இருவரும் விழுவார்கள். இது வெளிவராவிட்டால் மக்டலீன் வரமாட்டாள். அதனால்தான், வாசகரே, இந்த ஒரு பக்கத்துக்கு இவ்வளவு சண்டை.

5

முடிவு ஒன்று, சண்முகநாதனுடையது. மக்டலீன் செத்துவிடுகிறாள். ஜோய்ஸ்ரிக் மட்டும் திரும்பி வருகிறது. கமலாவதி ஒரு வரி எழுதிப் பார்த்தாள்: “சாவகச்சேரிச் சந்தையில் அன்று காலை” [வெட்டு. வெட்டு. வெட்டு.] எழுதிய பேனையையே அன்று முழுக்கத் தொடவில்லை.

“எங்கடை ஊரிலை சாகிற சனம் காணாதெண்டோ அண்ணை, இருக்கிறவளையும் சாக்காட்டச் சொல்லுறியள்?”

“அப்பத்தான் கனம் வரும்.”

“அவள் இருக்கிறது கனமில்லையோ?”

அவன் அடுத்த நாள் வேறொரு யோசனையோடு வந்தான்.

முடிவு இரண்டு. “சரி, கொல்ல வேண்டாம். சட்டையைச் சிவப்பெண்டே போடும். நல்ல குறியீடா இருக்கும்.”

“அது குறியீடில்லை அண்ணை, சட்டை.”

சிவப்பு என்று எழுதினால் மக்டலீன் வருவாள்தான். ஆனால் எழுதுகிறவள் கண்டது சாம்பல். காணாததை எழுதிக் கூப்பிட்டால், வந்தவள் ஒவ்வொரு கூரையிலும் “சிவப்பெண்டு நீதானே எழுதினனி” என்பாள்.

முடிவு மூன்று. கரண்ட் வருகிறது. யாரோ வீட்டில் கலர் ரிவி. இருவரும் அருகருகே இருந்து பார்க்கிறார்கள். சண்முகநாதன் இதைப் படித்துவிட்டு, “நாங்கள் விஞ்ஞானப் புனைகதை போடுறேல்லை” என்றான்.

6

ரோணியோவுக்கு ஸ்ரென்சில் தாள் வெட்டும் நாள் வந்துவிட்டது. சண்முகநாதன் சைக்கிளை விட்டு இறங்காமல், வாசல் படலையைப் பிடித்தபடி நிற்கிறான்.

“முடிவு எங்கை?”

“இல்லை.”

“முடிவில்லாமல் எப்பிடிக் கதையைப் போடுறது?”

“ஏணிக்காரரை ஒருத்தரும் முடிச்சதில்லை. ஆனாலும் அதுக்குத்தான் முதலிடம்.”

அவன் தாள்களை வாங்கி ஒருமுறை புரட்டினான். “என்னை இவ்வளவு கேவலமாவோ எழுதுறது?” என்றான். ஆனாலும் தாள்களைத் திருப்பித் தரவில்லை. “கடைசியா ஒரு வரியெண்டாலும் எழுதித் தாரும்.”

கமலாவதி படலையில் வைத்தே எழுதினாள்:

ஏணியின் முன்முனையைப் பிடித்திருப்பவனின் சட்டை ................ நிறம்.

இந்த இடைவெளி எழுத்துப்பிழை அல்ல. கரண்டும் கலர் ரிவியும் உள்ள ஊரிலிருந்து இதைப் படிப்பவர் எவரோ, அவர் பார்த்துவிட்டு நிரப்பலாம். பார்க்காமல் நிரப்ப ஒருவருக்கும் உரிமையில்லை. ஆசிரியருக்கும் இல்லை.

சாவகச்சேரியில் இதை வாசிப்பவளுக்கு மட்டும் தனியாக ஒன்று. இதில் எவரும் சாகவில்லை, நீ நம்பி வாசிக்கலாம். சிவப்பென்றும் எழுதவில்லை, நீலமென்றும் எழுதவில்லை. பற்றறி நேற்றுத்தான் ஆலையிலிருந்து வந்தது. உன்ரை ஆள் ஏணியைப் பிடிச்சபடி நிக்கிறான்.

ஜோய்ஸ்ரிக்கைக் கொண்டு வாடி.