பஞ்சுருட்டான் மேடு

பாகான் டத்தோ பக்கத்துக் கடலோர இயற்கைக் காப்பகத்தில் ஜானிஸ் காவலர். சிலிபின் என்ற ஊரிலிருந்து வேலைக்காக வந்தவள். காப்பகத்தின் தென்கோடியில் ஆளுயரச் செம்மண் மேடு ஒன்றைக் கடல் அரித்துக்கொண்டே வந்தது. மேட்டுக்குப் பின்னால் மங்களம் அக்காவின் தென்னந்தோப்பு. போன மழைக்காலத்தில் நாலு மரம் கடலுக்குள் போய்விட்டது. கரைக்குக் கல் போடச் சொல்லி மேலதிகாரிகளை நச்சரித்தவளே ஜானிஸ்தான்.

கல் லாரி வந்த அன்று, அலை புதிதாக அறுத்த மேட்டுச் சுவரில் பஞ்சுருட்டான்கள் பொந்து குடைந்திருந்தன. உள்ளே குஞ்சுகள் கத்தின. கடல் அறுத்துக் கொடுத்த சுவர் என்பதால்தான் அந்தப் பறவைகள் அங்கே வந்திருந்தன.

"கொட்டவா?" என்றார் லாரி ஓட்டி வந்த கார்த்திகேசு.

"கொஞ்சம் இருங்கண்ணே. பொந்துல குஞ்சு இருக்கு."

மங்களம் இடுப்பில் கை வைத்து நின்றாள். "கல்லு வேணும்னு நீதானே அலைஞ்ச?"

"ரெண்டு வாரம் பொறுங்கக்கா. பறந்துரும்லா."

"அதுக்குள்ள பெரிய பாசாங் வந்து கடல் ஏறுச்சின்னா? என் மரத்துக்கு ரெக்க இருக்கா?"

ஜானிஸ் ஒரு கண்ணால் தோப்பையும் ஒரு கண்ணால் பொந்துகளையும் பார்த்தாள். கடைசியில், பொந்து இல்லாத வடபக்கம் மட்டும் கல்லைக் கொட்டச் சொன்னாள். அப்படிச் சொன்னது சரிதானா என்று கார்த்திகேசின் முகத்தைப் பார்த்தாள். அவர் தோளைக் குலுக்கிவிட்டு லாரியைத் திருப்பினார்.

பத்து நாளில் கடல் பொங்கியது. கல்லில் மோதிய அலை ஒதுங்கிப் போய், கல் இல்லாத இடத்தை முன்னைவிட ஆழமாக அறுத்தது. ரெண்டு தென்னை சாய்ந்தன. பாதிப் பொந்துகள் மண்ணோடு சரிந்தன. அவற்றிலிருந்த குஞ்சுகள் அதற்கு முன்பே பறந்துவிட்டனவா என்று சொல்ல ஆளில்லை. மறுநாள் காலை மின்கம்பியில் இளம் பஞ்சுருட்டான்கள் சில உட்கார்ந்திருந்தன. அந்தப் பொந்துகளின் குஞ்சுகளோ, வேறு பொந்துகளுடையவையோ.

மங்களம் விழுந்த மரத்தின் உச்சியைப் பாராங்கத்தியால் பிளந்துகொண்டிருந்தாள். ஜானிஸ் திட்டு வாங்கத் தயாராகப் பக்கத்தில் போய் நின்றாள்.

மங்களம் நிமிராமலே வெள்ளைக் குருத்தில் பாதியை வெட்டி அவள் கையில் வைத்தாள்.

"தேங்காப்பால் ஊத்தி ஆக்கு. இன்னிக்கே ஆக்கிரு, கறுத்துப் போவும்."

"அக்கா, கோவமா?"

"போ ஜானிஸு, வேலை கெடக்கு."

குருத்து கனத்தது. நன்றி சொல்வதா, மன்னிப்புக் கேட்பதா என்று புரியாமல் ஜானிஸ் அதை ஏந்திக்கொண்டு நின்றாள்.