மற்றக் காதுக்கு

"தலையைக் கொஞ்சம் இஞ்சால திருப்பிப் பிடி, கொனி" என்றாள் மாக்ரெட். பெட்டிக்குள் கிடந்த அக்காவின் இடது காதில் வெள்ளித் தோட்டின் கொக்கியை நுழைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமலே கையை நீட்டினாள். "ம், மற்றதைத் தா."

கொன்ஸ்ரன்ஸ் ஒன்றும் தரவில்லை. "மற்றது இல்லை, சின்னம்மா. மம்மி ஒண்டுதான் செய்தவ."

"ஒண்டோ? சனம் வரத் தொடங்கியிட்டுது. நாலு மணிக்கு எடுக்கவேணும். நீ ஒற்றைத் தோட்டை வச்சுக்கொண்டு விளையாடுறாய். கழற்று, என்ர பவுண் தோட்டைப் போடுவம்."

"வேண்டாம். முப்பது பேருக்கு மம்மி தோடு செய்து குடுத்தவ. தனக்கெண்டு செய்யத் தொடங்கின முதல் சோடி இது. இதோடதான் போவா."

"சோடி எங்கயடி இருக்கு?"

பெட்டியின் கால்மாட்டில் கதிரையில் இருந்த ஹியூபேட் குனிந்து, நன்றாகக் கட்டியிருந்த சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினான். மகளும் மைத்துனியும் இனித் தன்னைத்தான் பார்ப்பார்கள் என்று அவனுக்குத் தெரியும். தன் மனைவி றஞ்சிதத்தின் மற்றக் காதுக்கு ஏன் தோடு இல்லை என்பதும் அந்த வீட்டில் அவன் ஒருவனுக்குத்தான் தெரியும்.

இருபத்திமூன்று வருஷத்தில் றஞ்சிதம் அவனோடு அதிகம் கதைத்ததில்லை. சோறு போடவா, சேர்ட் அயன் பண்ணியாச்சு, பைப்பில தண்ணி வரேல்ல. மிச்ச நேரம் குசினி மேசையில் குனிந்திருந்து வெள்ளித் தகட்டை அறுத்துக்கொண்டிருப்பாள். அமைதியான மனுசி என்று, தான் வேலை செய்கிற கந்தோரில் சிநேகிதர்களிடம் ஹியூபேட் பெருமையாகவே சொல்லியிருக்கிறான். பழைய சோனகத் தெருவில் பலீலின் இரும்புச் சாமான் கடைக்கு அவளோடு ஒருநாள் போகும்வரை அப்படித்தான் நம்பியிருந்தான்.

அவள் அதுவரை செய்தது தட்டையான தோடுகள். இனிக் கிண்ணம் போலக் குழிந்த தோடு செய்யவேண்டும் என்று ஆசை. அதற்கு இரண்டு சாமான் வேண்டும். ஒன்று, தகட்டை வட்டமாக வெட்டுகிற அச்சு: ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு உருக்குத் தகடுகள், அவற்றில் சின்னதும் பெரிதுமாக ஓட்டைகள், ஓட்டைக்கு ஏற்ற உருக்குத் தண்டுகள். வெள்ளித் தகட்டை நடுவில் செருகித் தண்டின் தலையில் சுத்தியலால் அடித்தால் காசு மாதிரி வட்டம் விழும். மற்றது, அந்த வட்டத்தைக் குழியாக்குகிற கட்டையும் அதற்கான உருண்டைத் தலைத் தண்டுகளும்.

கடைக்காரர் பலீல் ஐந்தாறு செட்டை மேசையில் பரப்பினார். றஞ்சிதம் ஒரு தண்டை ஓட்டைக்குள் விட்டு ஆட்டிப் பார்த்தாள்.

"இது ஆடுது, நாநா. ஆடினா ஓரத்தில பிசிறு வரும். பிறகு நான் நாள் முழுக்க அரம் பிடிக்கவேணும்."

"அது சும்மா பழகுற ஆக்களுக்கு, மிஸ். ஒங்களுக்குச் சரிவராது எண்டு எனக்கும் தெரியும். எண்டாலும் நீங்க கண்டுபிடிக்கிறீங்களா எண்டு பாத்தன்."

"ஓ, எனக்குச் சோதனை வைக்கிறீங்களோ?"

றஞ்சிதம் சிரித்தாள். பல் தெரிய, தலையைப் பின்னால் சாய்த்து. பலீல் அடியிலிருந்து வேறொன்றை எடுத்தார். அது மாதிரிக்கு வைத்திருந்தது. அதுபோல வேண்டுமென்றால் சிங்கப்பூரிலிருந்து வரவேண்டும் என்றார். அவள் ஹியூபேட்டின் பக்கம் திரும்பி, "பஸ் ரிக்கற் வச்சிருக்கிறீங்களா?" என்று கேட்டாள். கொடுத்தான். ரிக்கற்றை அச்சுக்குள் செருகித் தண்டைப் பெருவிரலால் அமுக்கினாள். ஒரு வட்டம் சுத்தமாகக் கழன்று விழுந்தது. அதை அவள் பலீலிடம்தான் காட்டினாள்.

"பாருங்கோ நாநா, ஒரு நூல் இல்லை!"

பிறகு குழிக்கட்டைகள். ஒவ்வொரு குழிக்குள்ளும் நகத்தை ஓட்டிப் பார்த்தாள். குழியில் ஒரு கீறல் இருந்தாலும் அது எல்லாத் தோட்டிலும் விழுந்துவிடுமாம். ஒவ்வொரு கட்டைக்கும் பலீல் ஒன்று சொல்ல, இவள் இரண்டு சொன்னாள். முக்கால் மணித்தியாலம். ஹியூபேட் ஆணிச் சாக்குகளுக்குப் பக்கத்தில் நின்று, வீட்டில் ஒரு கிழமைக்கு வருகிற கதை அங்கே செலவாவதைக் கேட்டுக்கொண்டிருந்தான். பலீலுக்கு அறுபதை அண்டிய வயது. தடித்த கண்ணாடி, தொப்பிக்குக் கீழே நரைத்த தலை, சேர்ட் பையில் கசிந்த பேனை. ஒரு அழகான ஆளைப் பார்த்து எரிச்சல்பட்டிருந்தால் அதிலாவது ஒரு மரியாதை இருந்திருக்கும் என்று பஸ்ஸில் திரும்பி வரும்போது நினைத்தான்.

சாமான் வர நாலு மாதம் எடுத்தது. அதற்குள் பொறுக்கமுடியாமல் றஞ்சிதம் வாளால் அறுத்து, அரம் பிடித்து, மரக்குழியில் தட்டி ஒரு தோட்டைச் செய்து முடித்தாள். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதைப் போல இன்னொண்டு கையால வராது. அச்சு வரட்டும்" என்று அதைச் சாசரில் வைத்துவிட்டாள்.

அச்சு வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை காலையில் டெலிபோன் அடித்தபோது ஹியூபேட்தான் எடுத்தான். "சேர், மிஸ்ஸுக்குச் செல்லுங்க, சாமான் வந்தீக்கி" என்றது பலீலின் குரல். குரலில் அவ்வளவு சந்தோஷம். சரி என்று வைத்தான். "ஆர்?" என்று குசினியிலிருந்து கேட்டாள் றஞ்சிதம்.

"றோங் நம்பர்."

ஒரு நாளைக்குத்தான் என்று நினைத்தான். அடுத்த நாள் சொல்லலாம் என்றும் நினைத்தான். அவளோ ஒவ்வொரு நாளும், "இன்னும் வரேல்லப்போல" என்றாள். நீயே எடுத்துக் கேளேன் என்றதற்கு, "நச்சரிக்கக் கூடாது. வந்தா நாநா கட்டாயம் சொல்லுவார்" என்றாள். அந்தக் கட்டாயம் என்ற சொல் அவன் வாயை இன்னும் இறுக்கிக் கட்டியது. எட்டு நாள் கழித்து, சனிக்கிழமை மத்தியானம், தலை இடிக்குது என்று படுத்தவள் எழும்பவில்லை. தலைக்குள் நரம்பு வெடித்துவிட்டது என்றார் டொக்டர்.

"கடை அங்கிள் வந்திருக்கிறார்" என்றாள் கொன்ஸ்ரன்ஸ்.

ஹியூபேட் சப்பாத்துக் கயிற்றை விட்டு நிமிர்ந்தான். வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டு நின்றவர் பலீல். தோளில் தொங்கிய பை அவரை ஒரு பக்கமாக இழுத்தது. பெட்டிக்குக் கிட்ட வந்து, தலையைக் குனிந்து கொஞ்ச நேரம் நின்றார். பிறகு ஹியூபேட்டின் கையைப் பிடித்தார்.

"மவுத்துச் செய்தி பேப்பர்லதான் கண்டன், சேர். காலயிலயே வெளிக்கிட்டன். வாற வழியில செக்பொயின்ற்ல மறிச்சிட்டாங்க. பேக்கத் தொறந்து 'மே மொனவாத?', இது என்ன எண்டு சிங்களத்தில கேக்கிறான். 'கராபு ஹதன ஏவா, மஹத்தயா' எண்டன். தோடு செய்ற சாமான் இவ்வளவு பாரமா எண்டு அவன் நம்பல்ல. ஐடென்றிக் கார்ட்டையும் வாங்கி வெச்சிட்டு ஒரு மணித்தியாலம் வெயில்ல நிப்பாட்டிட்டான்." பையைத் திறந்தார். "செத்த வீட்டுக்கு இத ஏன் கொண்டு வந்த எண்டு நெனக்காதீங்க. மிஸ் தெரிஞ்செடுத்த சாமான். வேற ஆளுக்கு விக்க மனம் வரல்ல. மகளுக்கு ஈக்கட்டும்."

எண்ணெய்த் தாளுக்குள் உருக்கு மினுங்கியது. கொன்ஸ்ரன்ஸ் அதைத் தொட்டுப் பார்த்தாள்.

"இது எப்ப வந்தது, அங்கிள்?"

"போன கெழமக்கி முந்தின வெள்ளி."

"பத்து நாளா? மம்மி ஒவ்வொரு நாளும் பாத்துக்கொண்டு இருந்தவ! ஏன் ஒரு கோல் எடுத்துச் சொல்லேல்ல?"

"நான் அண்டைக்கே எடுத்துச் சேர்..." பலீல் நிறுத்தினார். அவருடைய கண் ஹியூபேட்டின் முகத்தில் ஒரு கணம் நின்றது. கண்ணாடியைக் கழற்றி சேர்ட் நுனியால் துடைத்தார். "எடுத்துப் பாத்தன், லைன் விழல்ல, மகள். பொறகு வேலயில மறந்திட்டன். என்ட பிழதான்."

அவர் காட்டிக்கொடுத்திருந்தால் ஹியூபேட்டுக்கு அவரை வெறுக்க ஒரு காரணமாவது கிடைத்திருக்கும். அதுவும் இல்லை. இந்த நல்ல குணத்தையும் றஞ்சிதம் பார்த்திருப்பாள் என்று நினைத்தபோது, மூன்று நாளாக ஆறியிருந்த ஒன்று நெஞ்சுக்குள் திரும்பவும் சுட்டது. செத்தவளின் பக்கத்தில் இருந்துகொண்டும் இப்படி எரிய முடியுமா என்று வெட்கமாக இருந்தது.

"இப்ப செய்யலாம்" என்றாள் கொன்ஸ்ரன்ஸ் திடீரென்று. "மம்மி பதமாக்கி வச்ச தகடு இருக்கு. அங்கிள், உங்களுக்குத் தெரியும்தானே?"

"நான் விக்கிற ஆள், மகள். அடிச்சுப் பழக்கமில்ல. மிஸ் செல்லினதெல்லாம் ஞாவகம் ஈக்கி."

குசினி மேசையில் சாமானை வைத்தார்கள். கொன்ஸ்ரன்ஸ் சுத்தியலை எடுத்து ஒரு கையிலிருந்து மற்றக் கைக்கு மாற்றினாள். ஹியூபேட் எழும்பி வந்து கதவடியில் நின்றான். பிறகு, "தா" என்று சுத்தியலை வாங்கினான்.

"எந்த ஓட்டை?" அவன் மகளைத்தான் கேட்டான். மகள் பலீலைப் பார்த்தாள்.

"கடைசியில இருந்து மூணாவது. பத்தொம்பது மில்லிமீற்றர். பதினெட்டு கொமரிக்கு, இருவது கெழவிக்கு, நான் ரெண்டுக்கும் நடுவில நிக்கிறன், நாநா எண்டு மிஸ் செல்லுவாங்க."

அந்தப் பகிடியை ஹியூபேட் கேட்டதில்லை.

"தண்டில கொஞ்சம் மெழுகு தேச்சுக்கொள்ளணுமாம்" என்றார் பலீல். கொன்ஸ்ரன்ஸ் போய்ப் பெட்டியடியில் எரிந்த மெழுகுதிரியிலிருந்து வழிந்து காய்ந்ததை நகத்தால் சுரண்டி வந்தாள்.

"ஒரே அடி, சேர். ரெண்டு தரம் அடிச்சா ஓரம் ரெட்டையாத் தெரியும்."

ஹியூபேட் அடித்தான். விறாந்தையில் செபமாலை சொல்லிக்கொண்டிருந்த பெண்கள் பாதி மன்றாட்டில் நின்றுவிட்டார்கள். மாக்ரெட் ஓடிவந்தாள். "ஐயோ அத்தான், இப்பவே பெட்டிக்கு ஆணி அடிக்கிறீங்களோ? சுவாமி இன்னும் வரேல்ல!" மேசையில் கிடந்த வட்டத்தையும் மூன்று பேரையும் பார்த்தாள். திரும்பிப் போய், "அருள் நிறைந்த மரியே" என்று முன்னதைவிடச் சத்தமாகத் தொடங்கிவைத்தாள்.

வட்டத்தைக் குழிக்குள் வைத்தார்கள். குழிக்கு அச்சொட்டாகப் பொருந்துகிற தண்டைத் தேடி எடுத்தான் ஹியூபேட். அதுதான் சரி என்று எவருக்கும் தோன்றும்.

"அது வேணாம், சேர். அதுக்கு அடுத்த சின்னத எடுங்க. நடுவில தகடு ஈக்கேதானே. அதுக்கும் எடம் விடணும், இல்லாட்டி ஓரம் நசுங்கிப் போகும் எண்டு மிஸ் செல்லுவாங்க."

சின்னதை எடுத்தான். மெதுவாக, சுற்றிச் சுற்றித் தட்டச் சொன்னார் பலீல். தட்டினான். வெள்ளி கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்து, தண்ணீர் ஏந்துகிற உள்ளங்கை மாதிரி ஆனது. தன் மனைவி சொன்ன ஒவ்வொரு சொல்லையும் இன்னொருவர் வாயிலிருந்து வாங்கி வாங்கி, ஒன்றைக்கூடத் தவறவிடாமல் அவன் செய்தான்.

கொன்ஸ்ரன்ஸ் தாயின் காதிலிருந்த தோட்டைக் கழற்றி வந்து பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். இரண்டும் ஒன்றல்ல. றஞ்சிதம் கையால் அறுத்ததில் ஒரு பக்கம் மயிரிழை நீண்டிருந்தது. சுத்தியலே பிடித்தறியாத ஹியூபேட் அடித்தது அப்பழுக்கில்லாத வட்டம்.

"மம்மி இதைப் பாத்திருந்தா..." என்றாள் அவள்.

ஹியூபேட் சுத்தியலை வைத்தான். "லைன் விழுந்தது, கொனி."

"என்ன?"

"அங்கிள் எடுத்தவர். நான்தான் கதைச்சனான். றோங் நம்பர் எண்டு மம்மியிட்டச் சொன்னனான்."

பலீல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கொன்ஸ்ரன்ஸ் தகப்பனையே பார்த்துக்கொண்டு நின்றாள். "ஏன் டடி?"

அவன் வட்டம் விழுந்த தகட்டை எடுத்து அதன் ஓட்டையைப் பார்த்தான்.

"கடையில நல்லாச் சிரிச்சவ" என்றான்.

கொன்ஸ்ரன்ஸ் தாயின் சின்னத் துளைகருவியை எடுத்துப் புதுக் கிண்ணத்தின் விளிம்பில் ஒரு துளை போட்டாள். கொக்கியை மாட்டினாள். இரண்டையும் எடுத்துக்கொண்டு பெட்டியடிக்குப் போனாள். அதற்குப் பிறகு அவள் தகப்பனோடு கதைக்கவில்லை. கோயில் சுவாமி வந்து செபம் சொல்லி மந்திரித்தபோதும், பெட்டியை மூடியபோதும் மாக்ரெட்டின் பக்கத்திலேயே நின்றாள்.

ஒழுங்கை ஒடுக்கம் என்பதால் பிரேத வண்டி சந்தியிலேயே நின்றது. மாதம்பிட்டிச் சேமக்காலைக்குப் போகும் வழியில் இரண்டு இடத்தில் செக்கிங் இருக்கும், சுறுக்கா எடுங்கோ என்று யாரோ அவசரப்படுத்தினார்கள். சந்திவரைக்கும் பெட்டியைத் தோளில் கொண்டுபோக ஆறு பேர் வேண்டும். ஐந்து பேர் பிடித்துவிட்டார்கள். முன்பக்கம் ஹியூபேட்டுக்குச் சமமாக ஒரு இடம் காலியாக இருந்தது.

"பலீல் அங்கிள், வாங்கோ" என்றாள் கொன்ஸ்ரன்ஸ். "முன்னுக்குப் பிடியுங்கோ."

"நானா, மகள்?"

"ஓம். டடிக்கு மற்றப் பக்கம்."

பலீல் தயங்கி ஹியூபேட்டைப் பார்த்தார். ஹியூபேட் குனிந்து பிடியை மாற்றிப் பிடித்தான். பலீல் வந்து தோளைக் கொடுத்தார்.

தூக்கியதும் பெட்டி வலப்பக்கம் சாய்ந்தது. பலீல் அவனைவிட ஒரு சாண் கட்டை. "சரியுது, சரியுது!" என்று பின்னாலிருந்து சத்தம் வந்தது. பாரம் முழுக்கத் தன் பக்கம் இறங்க, பலீல் பெருவிரலில் எம்பி நிற்கப் பார்த்தார். முடியவில்லை.

ஹியூபேட் முழங்கால்களை மடக்கித் தோளைத் தாழ்த்தினான். பெட்டி மட்டமானது. அழுக்குத் தண்ணி ஓடுகிற காணைத் தாண்டி, ஒழுங்கை வளைவைத் தாண்டி, சந்தியில் வண்டியின் கதவு திறக்கும்வரை அவன் நிமிராமலே நடந்தான்.