எல்லைக்கு அப்பால் நின்ற ஈரப்பலா

துறைமுகத்துப் பாரந்தூக்கிகள் நெடுங்கழுத்து நாரைகள்போல் நீர்மேல் நிமிர்ந்து நிற்க, கோயில் மணியோசையும் பள்ளிவாசல் அழைப்பும் கூரைகளுக்கு மேலே ஒன்றையொன்று தழுவிக் கரையும் வைகறைப் பொழுதில், கற்றறிந்தோரே, கொட்டாஞ்சேனையின் ஒடுங்கிய ஒழுங்கையொன்றில் ஓர் ஈரப்பலா மரம் அகன்ற இலைகளை விரித்து அசைவற்று நின்றது. அடிமரம் செபஸ்தியனின் மனையில். கிளைகளோ மதில் தாண்டித் துணி வணிகர் பஸீரின் மனைமேல்.

காய் விழுந்து ஓடுகள் உடைந்த போதெல்லாம் மரத்தை வெட்டுமாறு பஸீர் வேண்டினார், செபஸ்தியன் மறுத்தார், ஈற்றில் இருவரும் பேச்சையே விடுத்தனர். பின்னர்ப் பஸீர் தம் பழைய வீட்டை இடித்துப் புதிது கட்ட முனைந்தபோது, வீட்டை வடிவமைக்க வந்த துஷாந்தினி, உச்சிவெயிலில் அம்மரநிழலில் நெடுநேரம் நின்றாள். கூரை கிளைகளுக்கு வழிவிட்டு விலகவும், மேன்மாடக் கூடம் இலைகளின் நடுவே திறக்கவும் வரைந்தாள். முதலில் முகஞ்சுளித்த பஸீர், மனைவி ரபீக்கா அவ்வரைபடத்தில் உள்ளம் பறிகொடுத்தது கண்டு தாமும் அதில் மயங்கினார். ஆயினும் தம் மனமாற்றத்தை அயலவரான செபஸ்தியனிடம் சொல்ல அவருக்கு நா எழவில்லை.

அடிக்கல் நாட்டும் காலையில் துஷாந்தினி வந்தபோது, மதிலோரம் கிளைகள் குவிந்து கிடக்க, வெட்டுவாய்களில் வெண்பால் வழிந்துகொண்டிருந்தது. அவள் பதறித் தடுக்க, மரமறுக்கும் வாளோசை நின்றது. ஓடிவந்த பஸீர் யாது நிகழ்ந்ததென்று விளங்காமல் விழித்தார்.

"நீங்கள்தானே இவ்வளவு காலமும் வெட்டச் சொன்னனீங்கள்," என்றார் செபஸ்தியன். "புது வீட்டுக்குப் பழைய கோபத்தோட வரக்கூடாதெண்டுதான் ஆள் பிடிச்சனான்."

"அது அப்ப," என்றார் பஸீர். "இப்ப எங்கட புது ஊடே இந்த மரத்த நம்பித்தான் செபஸ்தியன்."

சினப்பதா, நன்றி கூறுவதா என்று அவர் அறிந்திலர்; மன்னிப்புக் கேட்க வேண்டியவர் யாரென்று செபஸ்தியனும் அறிந்திலர். வரைந்த வீட்டுக்கு மரமில்லாமல் நின்ற துஷாந்தினியோ இருவரையும் மாறி மாறி நோக்கினாள்.

மதில் தாண்டி எஞ்சியது ஒரு பெருங்கிளையே. அதனருகே கூடத்தை ஒதுக்கி அவள் மீண்டும் வரைந்தாள். வீடு எழுந்தது, மேற்கு அறையில் வெயில் தடையின்றிப் புகுந்தது, மாலைகளில் இரு வீட்டாரும் மதிலோரம் நின்று கதைக்கலாயினர். மரம் குறைந்து உறவு நிறைந்ததென மகிழ்வதா, ஒரு சொல் முன்னரே சொல்லியிருந்தால் இரண்டும் நிறைந்திருக்குமே என வருந்துவதா என்பது, அக்கூடத்தில் அமரும்தோறும் பஸீருக்கு இன்றளவும் தெளிந்தபாடில்லை.