செவலை தின்ற மாத்திரை

எலியைத் தண்ணீரில் விடுவதுதான் என் வேலை. விவரமாகச் சொன்னால் முகம் சுளிக்கிறார்கள், அதனால் ஊரில் 'மருந்து ஆராய்ச்சி' என்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறேன். கண்ணாடி உருளையில் பாதிக்கு மேல் தண்ணீர் இருக்கும். உள்ளே விட்ட எலி முதலில் சுவரைப் பிறாண்டும், சுற்றிச் சுற்றி நீந்தும். கொஞ்ச நேரத்தில் அலுத்துப்போய், மூக்கை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு மிதக்கும். மனச்சோர்வு மாத்திரை கொடுத்த எலி மற்றதைவிட அதிக நேரம் போராடும். சும்மா மிதக்கும் நேரம் குறைந்தால் மருந்து வேலை செய்கிறது என்று எழுதிக்கொள்வோம். இதற்குத்தான் காவாந்தண்டலத்திலிருந்து பஸ் மாறி ஏனாத்தூர் பக்கம் ஒரு கல்லூரிக்குப் போய் வருகிறேன்.

நைனா இறந்த பிறகு அம்மா மிதக்க ஆரம்பித்தாள். வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. நெல் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்த நைனா மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், அப்புறம் எழுந்திருக்கவில்லை. நடவுக்குப் போனால் வரிசையில் முதல் ஆளாக நிற்கும் என் அம்மா சுகிர்தா, சுவரைப் பார்த்துப் படுத்தவள் படுத்தவள்தான். சோறு வைத்தால் இரண்டு வாய். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கும் வருவதில்லை. செவலைக்குத் தழை போட மட்டும் எழுந்து போவாள். செவலை, நைனா ஆசையாக வாங்கிவந்த ஆடு. அவர் போன அதே வாரம் அதன் குட்டியை நாய் கடித்துக் கொன்றுவிட்டது. செவலையும் தின்னாமல் கிடந்தது.

உத்திரமேரூரில் டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். சீட்டைப் பார்த்ததும் தெரிந்தது, நான் எலிக்குக் கொடுக்கும் அதே மருந்து. அம்மா அதைத் தொடவே பயந்தாள்.

"இத்த துன்னா எல்லாம் மறந்துபூடுமாம். பக்கத்து வூட்டு முனிம்மா சொல்றா."

"அவ இன்னா டாக்டரா? நாங்க எலிக்குக் குடுத்துப் பாத்துட்டுதான் மனுசனுக்குக் குடுப்போம். எலி நல்லாத்தான் கீது" என்றேன். என்னவோ பெரிய விஞ்ஞானி மாதிரி.

அதிலிருந்து காலையில் பஸ்ஸுக்கு ஓடும்போது மாத்திரையை அவள் கையில் வைத்துவிட்டுப் போவேன். "அப்பால துன்றேன், நீ போ" என்பாள். சாயங்காலம் வந்து பார்த்தால் மாத்திரை இருக்காது, நானும் நிம்மதியாக இருந்தேன்.

மாத்திரை பலிக்க டாக்டர் சொன்ன கெடு தாண்டியும் அம்மா அப்படியேதான் கிடந்தாள். எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. மருந்து பலிக்காத எலி கல்லூரியில் ஒன்றிரண்டு இருக்கத்தான் செய்யும், அதைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. இவள் என் அம்மா. நைனாவையும் பறிகொடுத்துவிட்டு இவளையும் பறிகொடுக்க என்னால் ஆகாது. டோஸைக் கூட்டச் சொல்லலாம் என்று ஒரு சனிக்கிழமை லீவு போட்டுக் கிளம்பினேன். பஸ் நிறுத்தம் வரை போன பிறகுதான் டாக்டர் சீட்டை மறந்தது தெரிந்து திரும்பி வந்தேன்.

அம்மா வீட்டுக்குப் பின்னால் குந்தியிருந்தாள். கையில் வாழைப்பழத் தோல். அதற்குள் மாத்திரையை வைத்து மடித்துச் செவலையின் வாயில் கொடுத்தாள். ஆடு மென்று விழுங்கியது. அவள் அதன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கத்திவிட்டேன். "இன்னாமா பண்ற? இத்தினி நாளா ஆட்டுக்கா குடுத்த?"

"கத்தாதடீ, அது மெரளுது."

"அது மெரளுதா! நான் பேஜாராயி டாக்டரப் பாக்க ஓடிக்கினு கீறேன், நீ ஆட்டுக்கு வைத்தியம் பண்ணிக்கினு கீறியா?"

"நீதான சொன்ன, மொதல்ல எலிக்குக் குடுத்துப் பாத்துட்டுதான் மனுசனுக்குன்னு. ஒன் எலி இன்னா மறந்துச்சு, இன்னா மறக்கலன்னு நீ பாத்தியா?"

பார்த்ததில்லை. நீந்துகிறதா, மிதக்கிறதா, அவ்வளவுதான் பார்ப்போம். பார்த்து முடித்ததும் கொன்றுவிடுவோம். அதை அவளிடம் சொல்லவில்லை.

"ஒங்க நைனா மூஞ்சி மறந்துபோச்சுன்னா நான் இன்னாத்துக்குடீ எழுந்து ஒக்காரணும்?" அம்மா ஆட்டின் கழுத்தைத் தடவினாள். "அதான் இதுக்குக் குடுத்துப் பாத்தேன். இதுக்கும் எனக்கும் ஒரே வாரத்துலதான போச்சு. இப்ப நல்லா துன்னுது. ஆனா அவுத்துவுட்டா மொதல்ல எங்க போவுது தெரியுமா? குட்டியக் கட்டி வெச்சிருந்த மொளக்குச்சிகிட்ட. மோந்து பாத்து ஒரு கொரல் குடுத்துட்டுதான் மேயப் போவுது. மறக்கலடீ. துன்னுது, அவ்ளோதான்."

சொல்ல எனக்கு நிறைய இருந்தது. ஒரே ஒரு ஆட்டை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. ஒப்பிட்டுப் பார்க்க, மாத்திரை கொடுக்காத ஆடு வேண்டும். குட்டி செத்த ஆடு சும்மா விட்டாலே கொஞ்ச நாளில் தின்னத் தொடங்கும். மனிதருக்கான மாத்திரை அசைபோடுகிற வயிற்றுக்குள் போய் என்ன ஆனதோ, ஆண்டவருக்குத்தான் வெளிச்சம். என் ஆராய்ச்சிக்கு வழிகாட்டும் கைடு கேட்டால் விழுந்து விழுந்து சிரிப்பார். ஆனால் அதையெல்லாம் சொன்னால் இவள் மாத்திரையைத் தொடவே மாட்டாள்.

அம்மா கையை நீட்டினாள். "இப்ப குடு."

உள்ளே ஓடி இன்னொரு மாத்திரையை எடுத்துவந்தேன். சொம்புத் தண்ணீரோடு விழுங்கினாள். எனக்கு நம்பிக்கை வரவில்லை, வாயைத் திறந்து காட்டச் சொன்னேன். "ஆட்டக்கூட நான் இப்டி சோதிக்கல" என்று திட்டிக்கொண்டே நாக்கைத் தூக்கிக் காட்டினாள். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது எனக்கு.

அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ பாத்துக்கினே இருடீ. நான் அவர மறக்கற மாதிரி தெரிஞ்சா ஒடனே சொல்லிடு, நிறுத்திடறேன்."

"சொல்றேம்மா" என்றேன்.