நேசமலரின் வாதக்கால்

நேசமலருக்கு வாதம் வந்தது எண்பதாம் ஆண்டு சித்திரை வருஷப்பிறப்புக்கு நாலாம் நாள், பின்னேரம் நாலரை மணிக்கு. அதை வரவழைத்தவர் அவளுடைய புருஷன் யோகலிங்கம்.

கிளிநொச்சியில் சந்தைக்குப் பின்னால் இருந்த வெளியில் ஒரு கிழமையாகக் கார்னிவேல் நடந்துகொண்டிருந்தது. அன்று கடைசி நாள். ராட்டினத்துக்கும் மரணக்கிணற்றுக்கும் நின்ற வரிசைகள் றோட்டு வரைக்கும் வந்திருந்தன. உருத்திரபுரத்திலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வந்த நேசமலருக்குப் புதுச் செருப்பு குதிக்காலைக் கடித்துத் தோலை உரித்திருந்தது. ஐம்பது வயது உடம்பு, கொஞ்சம் பாரம். எங்கேயாவது குந்தினால் போதும் என்றிருந்தது.

வாசலடியில், மாங்குளத்தில் சைக்கிள் கடை வைத்திருக்கும் ஐயாத்துரை தான் செய்த ஒரேயொரு மூன்று சில்லு வண்டியை வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தார். பிரம்புக் கதிரையின் இரண்டு பக்கமும் சைக்கிள் சில்லு, முன்னால் ஒரு சின்னச் சில்லு, நெஞ்சுக்கு நேரே கையால் சுற்றுகிற பெடல். பக்கத்தில் ஒரு மட்டையில் எழுதியிருந்தது: நடக்க ஏலாதவர்களுக்கு மட்டும். வண்டியில் வருபவர்கள் வரிசையில் நிற்கத் தேவையில்லை.

"அக்காவுக்குக் காலிலை என்ன?" என்று கேட்டார் ஐயாத்துரை.

செருப்பு என்று சொல்ல நேசமலர் வாயெடுத்தாள்.

"வாதம்," என்றார் யோகலிங்கம்.

"எத்தினை காலமா?"

"அது... கலியாணம் முடிச்ச நாள் தொட்டு இழுத்துக்கொண்டு கிடக்கு."

"பாவம். இருத்துங்கோ, இருத்துங்கோ."

"உங்களுக்கென்ன விசரே?" என்று நேசமலர் பல்லுக்குள்ளே கேட்டாள்.

"இரும் பேசாமல். ஒரு மணித்தியாலக் கதை. ஆர் இஞ்சை உம்மடை காலைப் பரிசோதிக்கப் போகினம்?"

அவள் வண்டியில் ஏறி இருந்தாள். இருந்ததும் உடம்பெல்லாம் ஒரு சுகம் இறங்கியது. பெடலைச் சுற்ற, வண்டி சொன்னபடி கேட்டது. சனம் தானாக விலகியது. "வழி விடுங்கோ, மனிசி ஏலாதவா," என்று முன்பின் தெரியாத ஒருவர் அவளுக்காகச் சத்தம் போட்டார். ஒரு தாய் தன் பிள்ளையின் கையிலிருந்த ஐஸ்பழத்தை வாங்கி அவளிடம் நீட்டினாள். ராட்டினத்தடியில் இரண்டு பெடியள் அவளைத் தூக்கிப் பெட்டிக்குள் வைத்தார்கள். எந்தக் காலில் வாதம் என்று யோகலிங்கம் சொல்லாததால் அவள் இரண்டையும் தொங்கவிட்டுக்கொண்டாள். மேலே போனபோது குளம் தெரிந்தது, வயல் தெரிந்தது. சின்னப் பிள்ளைபோலச் சிரித்தாள். உண்மையைச் சொன்னால், அந்த முதல் அரை மணித்தியாலம் அவளுக்கு மனச்சாட்சி என்று ஒன்று இருந்த ஞாபகமே இல்லை.

மரணக்கிணற்றுப் பக்கம் வண்டியைத் திருப்பியபோதுதான் சுப்பம்மாவைக் கண்டாள்.

எழுபத்தேழுக் கலவரத்தோடு மலையகத் தேயிலைத் தோட்டத்தை விட்டு வந்து, குளத்துக்கு அங்காலே காடு வெட்டிக் குடியேறிய குடும்பம். நாற்று நட, களை பிடுங்க, அரிவு வெட்ட என்று நேசமலரின் வயலில்தான் சுப்பம்மாவுக்கு வேலை. போன வருஷம் மாசியில், வெட்டிய நெற்கதிரை ஏற்றும்போது ட்ரக்டர் றெயிலரின் உச்சியிலிருந்து விழுந்தாள். முறிவு வைத்தியர் கட்டிய கால் கோணலாகப் பொருந்திவிட்டது. நேசமலர் வீட்டிலிருந்து ஒரு மூட்டை நெல் போனது. அதோடு அந்தக் கதை முடிந்ததாகத்தான் வைத்திருந்தார்கள்.

இப்போது சுப்பம்மா அண்ணன் பழனியாண்டியின் முதுகில் இருந்தாள்.

"அம்மா," என்றாள், குரல் இறங்கி. "உங்களுக்குமா?"

நேசமலர் புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். அவர் மரணக்கிணற்றுப் படத்தை வெகு கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வண்டி எப்பத் திரும்பும்னு கேட்டோம். ஒரு ஏலாத அம்மா கொண்டுபோயிருக்காங்கன்னு அந்தக் கடைக்காரர் சொன்னாரு," என்றான் பழனியாண்டி. "நீங்கன்னு தெரியாதுங்கம்மா."

அந்த இடத்தில் எழும்பியிருக்கலாம். எழும்பி, செருப்புக் கடித்ததடி என்று சிரித்திருந்தால் அதோடு போயிருக்கும். ஆனால் வழிவிட்ட சனம் சுற்றிவர நின்றது. ஐஸ்பழம் தந்தவள் நின்றாள். தூக்கி இருத்திய பெடியள் நின்றார்கள். அத்தனை கண்ணுக்கு முன்னால் எழும்ப அவளுக்குக் கால் வரவில்லை.

"கொஞ்சம் சுகமில்லை, சுப்பம்மா," என்றாள். யோகலிங்கம் சொன்ன பொய் அந்த நிமிஷம் அவளுடையதாகிவிட்டது. பிறகு, யாருக்கும் கேட்காத மாதிரி, "இந்தா, நீ வேணுமெண்டால்..." என்று இழுத்தாள்.

"ஐயோ, வேணாங்கம்மா. எனக்கு அண்ணன் முதுகு இருக்கு. உங்களைத் தூக்க ஐயாவால ஆகுமா?"

பழனியாண்டி சிரித்தான். யோகலிங்கமும் சிரித்தார். நேசமலரும் சிரித்து வைத்தாள்.

பொழுதுபட வண்டியைத் திருப்பிக் கொடுத்தபோது ஐயாத்துரை அதைக் கழற்றிக் கட்டத் தொடங்கினார். இனி வேறு ஒருவருக்கும் இல்லை.

ஒரு மாதம் கழித்து, வற்றாப்பளை அம்மன் கோயில் வைகாசிப் பொங்கல் கிட்டிய நேரம், சந்தைக்குப் போய்வந்த யோகலிங்கம் சாப்பாட்டுக் கோப்பைக்கு முன்னால் இருந்துகொண்டு சிரித்தார்.

"பழனியாண்டியைக் கண்டனான். உம்மடை கால் எப்பிடி எண்டு கேக்கிறான்."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"இருக்குது எண்டன். பொய்யே? இருக்குதுதானே." சோற்றைப் பிசைந்தார். "கேளுமன் கூத்தை. சுப்பம்மா உமக்காக வற்றாப்பளை அம்மனுக்கு நேந்திருக்கிறாளாம். புதுக்குடியிருப்பிலை பஸ்ஸாலை இறங்கி நடந்து வாறன் எண்டு."

நேசமலர் அகப்பையைச் சட்டிக்குள் வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"அது பத்து மைலுக்கு மேலையெல்லோ. அந்தக் காலோடையோ?"

"பொல்லுத்தடி ஊண்டி நடப்பாளாம். திங்கட்கிழமை வெளிக்கிடுகிறாள்."

"போய்ச் சொல்லுங்கோ."

"நான் என்னெண்டு சொல்லுறது? வாதம் எண்டு சொன்ன ஆளே நான்."

"அதுதான் சொல்லுறன், போய்ச் சொல்லுங்கோ."

"விடும் நேசம். சனம் நேருறதெல்லாம் நடக்கிறதே? பாதியிலை பஸ் ஏறிடுவாள்."

அவள் ஏறமாட்டாள் என்பது நேசமலருக்குத் தெரியும். முதுகு நிமிராமல் ஒரு வயலை நட்டு முடிக்கிறவள் அவள். ஞாயிற்றுக்கிழமை விடிய, புருஷன் எழும்ப முன்னம், நேசமலர் குளக்கட்டால் நடந்து அங்காலே போனாள்.

சுப்பம்மா முற்றத்தில் காலை நீட்டி வைத்துக்கொண்டு கிடுகு பின்னிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தவளின் கையிலிருந்து ஓலை நழுவியது.

"ஆத்தா," என்றாள் மெதுவாக. பிறகு உள்ளுக்குத் திரும்பி, "அண்ணே, இங்க வா. அம்மா நடந்து வாராங்க பாரு. நான் இன்னும் ஒரு அடி வைக்கல, ஆத்தா அதுக்குள்ளயே குடுத்துட்டா."

பழனியாண்டி வெளியே வந்து கும்பிட்டான். யாரைக் கும்பிட்டான் என்று தெரியவில்லை. நேசமலர் இரண்டு கையையும் முன்னால் நீட்டி மறித்தாள்.

"சுப்பம்மா, நான் சொல்லுறதைக் கேள். எனக்கு வாதம் இல்லை."

"அதாங்கம்மா, போயிருச்சே."

"போகேல்லை. வந்ததே இல்லை."

சுப்பம்மா சிரித்தபடியே இருந்தாள். அந்தச் சிரிப்புக்கு முன்னால் பேசுவது நேசமலருக்குப் பெரும்பாடாக இருந்தது.

"செருப்புக் கடிச்சது. வரிசையிலை நிக்க அலுப்பு, பஞ்சி. அந்த வண்டியிலை இருந்தால் நிக்கத் தேவையில்லை எண்டு... இருந்திட்டன். உன்னைக் கண்ட பிறகும் எழும்பேல்லை. நாளைக்கு நீ நடக்காதை. அதைச் சொல்லத்தான் வந்தனான்."

ஓலையைத் தேடி எடுத்துச் சுப்பம்மா மடியில் வைத்துக்கொண்டாள். பின்னவில்லை.

பழனியாண்டிதான் பேசினான். குரலில் கோபம் இல்லை. "அன்னிக்கி இவளை வச்சுக்கிட்டு மூணு தரம் அந்த வெளியச் சுத்தினேங்கம்மா. வண்டி திரும்பும், திரும்பும்னு. ராட்டினத்தையே பாத்துக்கிட்டு இருந்தா. அண்ணாந்து பாத்துப் பாத்து ராவெல்லாம் கழுத்து வலின்னா."

"நீ போ, அண்ணே," என்றாள் சுப்பம்மா. அவன் போகவில்லை.

நேசமலருக்கு ஒன்று கேட்காமல் இருக்க முடியவில்லை. "நேருறதெண்டால் உன்ரை காலுக்கெல்லோ நேந்திருக்க வேணும்?"

"ரெண்டு கேட்டா ஆத்தாளுக்குக் கோவம் வரும். ஒண்ணுதான் கேக்கணும்." சுப்பம்மா நிலத்தைப் பார்த்தபடி சொன்னாள். "எனக்குப் பழகிருச்சு. உங்களுக்குப் புதுசு, தாங்க மாட்டீங்கன்னு நெனச்சேன்."

நேசமலர் நின்றாள். உக்காருங்க என்று ஒருவரும் சொல்லவில்லை.

சுப்பம்மா தாழ்வாரத் தூணைப் பிடித்து எழும்பினாள். தாங்க வந்த நேசமலரின் கையைப் பாராமலே விலக்கிக்கொண்டு, ஒரு காலை இழுத்து இழுத்து உள்ளே போனாள். வர நேரமெடுத்தது. மஞ்சள் துணியில் காசு முடிந்த சின்ன முடிச்சு ஒன்றை நேசமலரின் உள்ளங்கையில் வைத்தாள்.

"உங்க பேருல முடிஞ்சது. நான் வச்சிருக்கக் கூடாது. நீங்களே கொண்டுபோய்க் குடுத்துடுங்க."

"நடந்தோ?"

"அப்பிடித்தான் நேந்தது. உங்களால நடக்க முடியுந்தானேங்கம்மா," என்றாள். அதில் குத்தல் இருந்ததா, வெறும் கேள்வியா என்று நேசமலரால் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

"உனக்கு வேறையா நேந்துகொண்டு போறன், சுப்பம்மா. உன்ரை காலுக்கு."

"வேணாங்கம்மா. என் கால நான் கேட்டுக்குறேன்."

முடிச்சைப் பொத்திக்கொண்டு நேசமலர் திரும்பினாள். குளக்கட்டில் இரவு பெய்த மழை இன்னும் காயவில்லை. முதுகுக்குப் பின்னால் இரண்டு பேரும் தன் காலைத்தான் பார்த்துக்கொண்டு நிற்பார்கள் என்று அவளுக்குத் தெரிந்தது. பத்து அடி போக ஈரக் களிமண்ணில் கால் சறுக்கி மடங்கியது. நல்ல நோவு. நொண்டத்தான் வந்தது. நொண்டக் கூடாதென்று பல்லைக் கடித்துக்கொண்டு, இரண்டு காலையும் ஒரே மாதிரி எடுத்து வைத்து, கட்டு வளைந்து அந்த வீடு மறையும் வரைக்கும் நேராக நடந்தாள்.